ஒரு டி குறைகிறது

லேவார்டனில், கால்வாய்க்கு முதுகு காட்டிய அச்சகம்.
மருந்துப் பெட்டிக்குள் எட்டாய் மடிந்து கிடக்குமே,
யாரும் படிக்காத தாள்,
அதை நான் கோப்பேன். யெல்ட்சே திருத்துவாள்.
பதினோரு ஆண்டுகள் எதிரெதிர் மேசை.
இந்நாட்டில் தசமத்துக்குக் காற்புள்ளிதான்.
அது உதிர்ந்தால் அரை மில்லி ஐந்து மில்லி.
பச்சை மையில்தான் திருத்துவாள்;
சிவப்பு ஆளைப் பதறவைக்குமாம்.

பிழையைப் பார்த்தே ஆளைச் சொல்வாள்.
இரட்டை எழுத்தில் ஒன்றை விழுங்குவது ரிங்க்.
வரி முடிவில் அவசரப்படுவது நான்,
வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் மோசம்.
"கையெழுத்தை மாற்றிக்கொள்ளலாம் ஹைட்சே,
கைத்தவறை முடியாது."

முப்பத்தொன்பதில் அவளுக்குப் பெருங்குடலில் கட்டி.
முதலில் பீட்ரூட் தின்றதால் சிவப்பு என்று நினைத்தாள்.
மலம் எடுத்து அனுப்பும் அந்தச் சின்னக் குழாய்
ஐம்பத்தைந்து ஆனவர்க்கே தபாலில் வரும்.
அவள் அப்பாவுக்கு வந்தது.
அவருக்கு ஒன்றுமில்லை.

அறுத்தெடுத்ததில் ஒரு துண்டை
க்ரோனிங்கனுக்கு ஆய்வுக்கு அனுப்பினார்கள்.
மார்ச்சில் கூப்பிட்டார்கள். நான்தான் காரோட்டினேன்.
கட்டுக்கட்டாய்த் தாள். நான்கே எழுத்துகள்,
பத்தி பிரிக்காமல், மூச்சுவிட இடமில்லாமல்.
"யார் கோத்தது இதை?" என்றாள்.

ஆய்வாளர் டைக்ஹாயிஸ் பென்சில் முனையால் தொட்டார்.
டி டி டி டி டி என்று
ஒரே எழுத்து வரிசைகட்டும் இடத்தில்
ஒரு டி குறைகிறது.
இங்கே. நாற்பது பக்கம் தள்ளி
இங்கும்.
யெல்ட்சே சிரித்தேவிட்டாள்.
எந்த அச்சகத்திலும் கண் வழுக்கும் இடம் அதுதான்.
"எல்லாம் ஒரே ஆள்," என்றாள்
அவர் வாய் திறக்கும் முன்பே.

ஆள் என்றால் ஈ.கோலை.
எத்தனையோ பேர் குடலில் சும்மா கிடப்பது.
அதில் ஒரு வகை கோலிபாக்டின் என்றொரு நஞ்சு காய்ச்சும்.
நம்மேல் பகை என்று சொல்ல முடியாது;
அண்டைக் கிருமியோடு வாய்க்கால் தகராறாக இருக்கும்,
எறிந்த கல் நம் சன்னலில் விழுகிறது.
செல்லின் ஏணியில் இரு காலையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது.
அவிழ்க்கப் பார்த்து செல் அறுத்துக்கொள்கிறது.
அவசர ஒட்டில் ஓர் எழுத்து கீழே.

எப்போது குடியேறியது?
பத்து வயதுக்குள்ளேயே இருக்கலாம் என்றார்.
பால்பல் விழுந்த காலம். ஸ்னேக் ஏரியில் பாய்மரம்,
ரொட்டியில் வெண்ணெய், அதன்மேல் சாக்லேட் தூவல்.
அப்போதே உள்ளே ஒருவன் உட்கார்ந்து
கோத்துக்கொண்டிருந்தானா?

ட்ராக்டனில் டீசலுக்கு நிறுத்தினோம்.
"உண்ட வீட்டுக்கே ரெண்டகம்," என்றேன்.
"முழங்கால் சிராய்த்தால் ரத்தம் உறைய
வைட்டமின் கே காய்ச்சித் தருவதும் இந்தக் கூட்டம்தான்.
கணக்கைச் சரியாய் எழுது," என்றாள்.
பில்லை வாங்கிச் சரிபார்த்தாள்.

ஜூனில் மருத்துவமனையின் நோயாளிக் கையேடு
நம் அச்சகத்துக்கே வந்தது.
முதல் வரி:
குடல் பாக்டீரியா பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்குகிறது.
வந்தபடி கோத்தேன்.
கீமோவில் விரல்நுனி மரத்துப்போய்,
கோடையிலும் கம்பளிக் கையுறை;
பேனாவை இரு கையாலும் பிடித்து அடித்தாள். பச்சை.
உண்டாக்குகிறது போய், பங்கிருக்கலாம் வந்தது.

"உன் தாளிலேயே பார்த்தாயே," என்றேன். கோபம்தான்.
"பிழை யாருடையது என்று தெரியும்.
புத்தகம் கெட்டது அதனால் மட்டும்தானா?
தின்றது, புகைத்தது, துரதிர்ஷ்டம்,
இன்னும் பெயரே வைக்காத ஏதேதோ."
லாம் என்ற இரண்டெழுத்தை வட்டமிட்டு
ஓரத்தில் எழுதினாள்: நீக்காதே.

அன்று வெள்ளிக்கிழமை.
வரி முடிவை மூன்று முறை பார்த்தேன்.
இடம் போதாமல் சொல் உடைந்து
அடுத்த வரியில் அது மட்டும் தனியே தொங்கியது.
வேறு நாளென்றால் இழுத்து மேலேற்றச் சொல்லியிருப்பாள்.
படிதாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
கையெழுத்திட்டாள், அப்படியே:

பங்கிருக்க-
லாம்.